காமாலை என்று நான் சொன்ன பொய்

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் இன்று பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் மகன் செந்தில்.

சம்பந்தியம்மா தடுத்தார். "காமாலைக்காரன் மடியில புள்ளைய வெக்க வேணாங்க, ஒட்டிக்கும். வேற யாராவது வெச்சுக்கட்டும்."

அவன் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்ததற்குக் காமாலை என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான்.

"காமாலை இல்லீங்க. போதை மாத்திரை போட்டான். இப்ப விட்டுட்டான்" என்றேன்.

"அதுக்குக் காமாலையே தேவலையே!" என்றார் சம்பந்தியம்மா.

செந்தில் தலை குனிந்தான். நாலு பேர் முன்னால் பேச வராதவன். மாத்திரையைப் போட்டால் பேச்சு வந்ததாம். பிறகு அது இல்லாமல் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. ஒருநாள் குளியலறையில் மூச்சுப்பேச்சற்றுக் கிடந்தான். அதைப் பார்த்துவிட்ட எனக்கு இனி யார் முகச்சுளிப்பு பெரிது?

என் மகள் குழந்தையைத் தூக்கித் தம்பி மடியில் வைத்தாள்.

"மாமா, தலைய கெட்டியா புடிங்க" என்றார் ஆசாரி.

பிடித்துக்கொண்டான். குழந்தை வீறிட்டபோதும் விடவில்லை.

நாளை எங்கள் ஊர் புவனகிரி முழுக்கப் பேசும். பேசட்டும். என்னிடமே வந்து கேட்டாலும் மாத்திரை என்றுதான் சொல்வேன்.