வியாழக்கிழமை மட்டும் ‘சாரி’ சொல்லாதே

துலூத், மின்னசோட்டா
பிப்ரவரி 9

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். அப்பா உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போய், நேற்று ஒரு கையுறையைப் பிடித்து வந்தார். அதுவும் அவருடையதுதான்.

தாளில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. உன் ஆஸ்பத்திரி மின்னஞ்சலை நிர்வாகமும் படிக்கலாம் என்று வக்கீல் சொன்னாள். எந்த வக்கீல் என்கிறாயா? யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்தது உண்மை. ஞாயிறன்று சர்ச் விருந்தில் கெயிலிடம் மட்டும் சொன்னேன். அதற்கு ஒலிபெருக்கியிலேயே சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மை. ஆனால் காபி ஆறுவதற்குள் அவள் நாத்தனார் மகள் டோரீனின் எண் என் கையில் இருந்தது. உன்னைப் போன்ற பயிற்சி டாக்டர்களின் வழக்குதான் அவள் தொழில்.

அவளைப் போனில் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். வாரம் தொண்ணூற்றாறு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, விதி அனுமதிக்கும் எண்பது என்று எழுதச் சொன்னதை, நீ உள்ளபடி எழுதியதை, மறுமாதமே ‘அறுவைப் பயிற்சிக்குத் தகுதி போதாது’ என்று கடிதம் வந்ததை, இந்த வியாழக்கிழமை நீயாகவே விலகுவதாகக் கையெழுத்துக் கேட்கப்போவதை. பிறகு உன் பயிற்சித் தலைவருக்கு நீ அனுப்பிய மடலை வாசித்தேன்.

“எத்தன சாரி இருக்கு, எண்ணிப் பாத்தீங்களா?” என்றாள்.

நான்கு. நம் ஊரில் காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன்தான் சாரி சொல்வான். நீ இருக்கும் ஊரில் அதைக் குற்ற ஒப்புதல் என்று கோப்பில் வைத்துவிட்டார்களாம்.

இந்தப் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தது என்று டோரீன் கேட்டாள். “நாந்தான், சாரி,” என்றேன்.

இனி அவள் சொன்னது. நடந்ததையெல்லாம் தேதி போட்டு உன் சொந்த நோட்டில் எழுது. நோயாளிகள் பெயர் வேண்டாம். உன்னைப் பற்றிய மதிப்பீடுகளின் நகல் வீட்டில் இருக்கட்டும். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு உன் பக்கம் ஒருவரை அழைத்துவரலாமா என்று எழுத்தில் கேள். எதை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு, “படிச்சிட்டு எழுத்துல பதில் தர்றேன்” என்று எழுந்து வந்துவிடு. நீயாக விலகினால் அப்புறம் மேல்முறையீடு செய்ய வழியில்லாமல் போகலாமாம். இது கிடைத்ததும் அவளைக் கூப்பிடு, எண் பின்பக்கத்தில்.

போனில் “நல்லாத்தான் இருக்கேன்” என்று இரண்டு தடவை சொன்னாய். நம் வீட்டில் ஒரு தடவை சொன்னால் நலம். இரண்டாவது தடவைக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கும் தெரியும். தூரப் பயணத்துக்குப் போல காருக்கு எண்ணெய் மாற்றிவிட்டார், எதற்கென்று சொல்லவில்லை.

இரண்டாம் வகுப்பில் ஒருவன் ஹாக்கி மட்டையால் உன் பல்லை உடைத்தது நினைவிருக்கிறதா? அவன் மேல்கோட்டில் உன் ரத்தம் பட்டதற்கு உன்னையே மன்னிப்புக் கேட்க வைத்தேன். நல்ல பிள்ளை என்று ஊரே சொன்னது. நானும் நிமிர்ந்து நடந்தேன்.

அந்தக் கோட்டு விஷயத்துக்கு சாரி, கண்ணு. நம் குடும்பத்தில் கடைசி சாரி இதுவாக இருக்கட்டும், வியாழன் முடியும்வரையாவது. உன் முதுகு நிமிர்ந்தும் பேனா திறக்காமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா
லோர்னா