என் கையிலிருந்த நீல விளக்கும் பூட்டப்பட்ட கண்ணாடிக் கூடமும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
நெல் ஆய்வு நிலைய ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
பயிர்ப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆய்வுக் கண்ணாடிக் கூடத்தின் முத்திரையை அகற்றக் கோருதல், என் பிழையை ஒப்புக்கொள்ளுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்நிலையத்தின் ஆய்வாளர் என் மகள். நெல் இலையைக் கருக வைக்கும் பாக்டீரியா இலைக்குள் எவ்வழியே பரவுகிறது என்று ஆராய்கிறார். கிருமி கண்ணுக்குத் தெரியாது. எனவே நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் அடையாளம் ஒன்றை அதற்குள் சேர்த்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் மஞ்சள் தொப்பி போட்டு அனுப்புவது போல.

2. பதினொரு நாளுக்கு முன் அவருக்கு மதிய உணவு கொண்டுபோனேன். மேசையிலிருந்த நீல விளக்கையும், அந்த ஒளிர்வைப் பார்க்க அணியும் மஞ்சள் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து, வெளியே வாய்க்காலோரப் பயிரில் ஒளியடித்துப் பார்த்தேன். காய்ந்த நுனிகள் பச்சையாக மின்னின. “இங்க பாருங்க, எம் பொண்ணோட கிருமி வெளியிலயும் மின்னுது!” என்று வாயிற்காவலரிடம் பெருமையடித்தேன். அவர் கடமை தவறாதவர், பதிவேட்டில் எழுதிவிட்டார். மறுநாள், கிருமி வெளியே கசிந்துவிட்டது என்று தங்கள் ஊழியர்கள் கூடத்தைப் பூட்டி முத்திரையிட்டனர்.

3. விளக்கு என் பையிலேயே தங்கிவிட்டது. அதன் ஒளியை வீட்டுத் துடைப்பத்தில் அடித்தேன், அதுவும் மின்னியது. காய்ந்த இலையும் குச்சியும் கிருமியே இல்லாமலும் அப்படி மின்னும். ‘பக்கத்தில் ஒன்றைச் சும்மா வைத்து ஒப்பிட்டுப் பார்’ என்று முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான். அன்று ஒப்பிடவில்லை.

4. கசிவில்லை என்று ஓர் ஆய்வகம் சான்றளித்தால் முத்திரை அகலும் என்கிறது தங்கள் ஆணை. அத்தகுதி பெற்ற ஒரே ஆய்வகம் பூட்டிய கதவுக்குள் இருக்கிறது. காவலரே தலையைச் சொறிகிறார்: “உள்ள போக சான்று வேணும் சார். சான்று வாங்க உள்ள போகணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

5. உள்ளே நூற்றிருபது தொட்டிகள். நான்கு வருட உழைப்பு. நான்கு விரல் தண்ணீர் நின்ற மண், இன்று கண்ணாடி வழியே பார்த்தால் வெடித்துக் கிடக்கிறது. மகள் தினமும் காலையில் போய்க் கதவருகே நின்றுவிட்டுத் திரும்புகிறார். முதல் நாள் மட்டும், “வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல, அப்பா?” என்றார்.

ஆகவே, வேறொரு வயலின் காய்ந்த இலையையும் வாய்க்கால் இலையையும் அருகருகே வைத்துத் தாங்களே ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். அதுவரை, தங்கள் ஊழியர் உடனிருக்க, தண்ணீர் ஊற்ற மட்டுமாவது கதவு திறக்கட்டும். தண்டனை உண்டென்றால் என் பேரில் எழுதுங்கள்.

இடம்: கண்ணாடிக் கூட வாயில்
நாள்: பூட்டிய பத்தாம் நாள்

பணிவுடன்,
(கையொப்பம்)
ஆய்வாளரின் தந்தை

இணைப்பு: நீல விளக்கு, மஞ்சள் மூக்குக்கண்ணாடி, துடைப்பக் குச்சி மூன்று.