சின்னவனுக்குப் பசி

அக்கா,

வீட்டுச் சாவியைத் தேடி அலுத்துப்போய் இன்று கைப்பையை அப்படியே கட்டிலில் கவிழ்த்தேன். சாவி விழவில்லை. உங்கள் பவர் பேங்க் விழுந்தது. போன ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் அதன் முதுகில் அப்படியே இருக்கின்றன. ஊரில் எல்லாரும் ஸ்கூட்டருக்கும் மிக்சிக்கும் பொட்டு வைப்பார்கள். நீங்கள் இதற்கும் வைத்தீர்கள். "நமக்கு இதானே ஆயுதம்," என்றீர்கள். நான் சிரித்ததற்கு என் நெற்றியிலும் ஒன்று இழுத்துவிட்டீர்கள்.

ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நம் வீட்டில் அடித்துக்கொண்டது அண்ணனும் தம்பியும். நாங்கள் மைசூரில் வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோது அடித்த பத்திரிகையில் என் அண்ணன் பெயர் மேலேயும், உங்கள் வீட்டுக்காரர் பெரிய மாமா பெயர் கீழேயும் வந்துவிட்டது. அச்சகத்துக்காரர் இடம் பார்த்துப் போட்ட பெயர்கள் அவை. பெரிய மாமா மாற்றி அடிக்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இனி எப்படி என்றார் இவர். இரண்டு பேருக்கும் சொந்த ஊரான ஹனூர்ப் பக்கத்து மூக்கு, அதே பக்கத்துக் கோபம். பெரிய மாமா வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை. அதுவரை வாய்க்கு வாய் 'சின்னவன், சின்னவன்' என்று தம்பியைக் கூப்பிட்டவர், அதற்கப்புறம் அந்தப் பேரையே எடுக்கவில்லை. ஒரே ஊரில், ஒரே பஸ் போகிற பாதையில் இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் நாமும் பேசாமல் இருந்தோம். நமக்குள் என்ன சண்டை என்று யாராவது கேட்டிருந்தால் நீங்களும் நானும் முழித்திருப்போம்.

அந்த நிலையில்தான் குக்கரஹள்ளி கெரே ஏரிக்கரையில் ஒருநாள் காலை உங்களைப் பார்த்தேன். முகம் தெரிவதற்கு முன்பே நடை தெரிந்துவிட்டது. வலது கால் முந்தும், இடது கால் யோசித்துப் பின்னால் வரும். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கையில் போன் இருந்தது. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர், நான் நடக்கமாட்டேன் என்று தெரிந்து பெங்களூருக்குப் படிக்கப் போகுமுன் என் மகள் அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிவிட்டிருந்தாள். நடக்க நடக்கத் திரையில் விதவிதமான ஜந்துக்கள் தோன்றும், வலை வீசிப் பிடிக்க வேண்டும். ரொம்ப நாளாக எனக்குச் சிக்காத கொம்பு முயல் ஒன்று அன்று பார்த்துச் சரியாக உங்கள் காலடியில் வந்து நின்றது.

மானம் பெரிதா முயல் பெரிதா என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பக்கத்தில் வந்தேன். நீங்கள் தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்: "ஏம்புள்ள, முயலுக்கா? நானும் அதுக்குத்தான் நிக்கிறேன். சத்தம் போடாத."

இத்தனை ஆண்டு பேசாமலிருந்துவிட்டு உங்கள் முதல் பேச்சு அதுதான். என் வலை தவறியது, உங்களுடையதும் தவறியது, முயல் ஓடிப்போனது. இரண்டு பேரும் அந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். உங்கள் பேரன் லீவுக்கு வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான் என்றீர்கள். அந்த விளையாட்டில் சேரும்போதே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிறம்தான் அணி. நான் நீலம் எடுத்திருந்தேன். நீங்கள் சிவப்பு. "இங்கயும் எதிர்க்கட்சிதானா? நல்லாயிருக்கு போ," என்றீர்கள்.

நான் எப்போதும் அரிய ஜந்துவைத் தேடித்தான் அலைவேன். உங்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. உங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பொடிசுதான். உச்சியில் ஒரு குடுமி, பழுப்பு உடம்பு, உருண்டை வயிறு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குருவி. வெளிநாட்டுக்காரன் அதற்கு வைத்த பெயர் நம் இருவர் வாயிலும் நுழையவில்லை, அதனால் பொடிசு என்றோம். விளையாடுகிறவர்கள் யாரும் அதைச் சீந்த மாட்டார்கள். பலமும் கிடையாது, அழகும் கிடையாது. ஒன்றைத் தொட்டால் கீச்சென்று ஒரு சத்தம் போடும், உடனே எங்கிருந்தோ ஒரு கூட்டமே வந்து திரையை மறைத்துவிடும். எனக்கு எரிச்சலாக வரும். நீங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் பேர் வைப்பீர்கள்.

"நம்ம ஜனம் மாதிரியே இருக்குது பாரு. ஒருத்தரக் கூப்பிட்டா ஊரே கெளம்பி வந்துரும்."

அப்படித்தான் ஒன்று கொள்ளேகால் பெரியம்மா ஆனது. பாலாறு செக்போஸ்டில் வேலை பார்த்த உங்கள் தாய்மாமன் ஒன்று. கல்யாண வீட்டில் சாம்பார் வாளியை விடவே விடாத உங்கள் சித்தப்பா ஒன்று. அந்தப் பெயர்கள் உங்கள் போனில் மட்டும்தான் தெரியும் என்பதால் தைரியமாக வைத்தீர்கள். என் பெயருக்கும் ஒரு பொடிசு இருந்தது, அதன் வயிறு மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது என்று அடித்துச் சொன்னீர்கள். எல்லாம் ஒரே படம்தான் அக்கா, நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பொடிசை மட்டும் திறந்து காட்டவில்லை. "இதோட பேர மட்டும் கேக்காத," என்று போனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டீர்கள்.

கேமராக்காரரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கரையில் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் படம் எடுக்கத் துப்பாக்கி நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். நீங்கள் புதர்ப் பக்கம் குனிந்து, "அசையாத, பெரிய கூட்டம்," என்று என்னிடம் கிசுகிசுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. பூனை மாதிரி வந்து, எந்தப் பறவை என்று கன்னடத்தில் கேட்டார். நீங்களும் விட்டுக்கொடுக்காமல் அதே ரகசியக் குரலில், சின்னது, பழுப்பு, குடுமி உண்டு என்று கன்னடத்திலேயே விவரித்தீர்கள். மனிதர் லென்ஸைத் திருப்பிக்கொண்டு அந்தப் புதர் முன்னால் மண்டியிட்டுவிட்டார். நாம் அடுத்த வளைவு வரைக்கும் அடக்கிக்கொண்டு நடந்து, அங்கே போய்த்தான் சிரித்தோம். பாவம் அவர் என்றேன். "ஒண்ணும் பாவமில்ல. அவரு பாக்குறது பறந்து போயிரும், நம்முது நம்மகிட்டயே இருக்குது," என்றீர்கள்.

வீட்டில் நாம் இருவருமே சொல்லவில்லை. 'பிரெண்ட்ஸோடு நடக்கிறேன்' என்று நான் சொன்னதை இவரும் நம்பினார். ஒருநாள் நீங்கள் வெல்லக் கச்சாயம் சுட்டுக்கொண்டுவந்து என் டப்பாவில் திணித்துவிட்டீர்கள். இவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். அப்படியே வாயை நிறுத்திவிட்டார். அதில் ஏலக்காயோடு நீங்கள் தட்டிப்போடும் சுக்கு வேறு யாருடைய கச்சாயத்திலும் இருக்காது. எங்கே வாங்கினாய் என்று கேட்பார் என நான் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் இதை உங்களிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொழுப்பப் பாரு, ரெண்டு தின்னானா?" என்றீர்கள்.

சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முந்தின நாள் நாம் அரசமரத்தடிக்குப் போனோம். அங்கிருக்கும் நாகர்கல் அந்த விளையாட்டில் ஒரு கோட்டை. நம்முடைய ஜந்து ஒன்றை அங்கே காவலுக்கு நிறுத்தலாம். எதிரணிக்காரர்கள் வந்து அடித்தால் விழுந்துவிடும், விழுந்தால் தன் வீட்டுக்கே, அதாவது நிறுத்தியவர் போனுக்கே, திரும்பிப் போய்விடும். யாரும் அடிக்காவிட்டாலும் நாளாக ஆகப் பசியில் சோர்ந்து விழும். அதே அணிக்காரர் யாராவது நேரில் வந்து தீனி போட வேண்டும். எல்லாரும் அங்கே யானை மாதிரி இருக்கிற ஜந்துக்களைத்தான் நிறுத்துவார்கள். நீங்கள் எனக்குப் பெயர் காட்டாத அந்தப் பொடிசை நிறுத்தினீர்கள்.

"இதப் போயா? சுண்டுனா விழுந்துரும்," என்றேன்.

"விழாது. நீ அடிக்காம இருந்தாச் சரி."

பவர் பேங்கை என் கையில் கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் கரண்ட் இருக்கும், திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். வரவில்லை, அக்கா. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நிறைய எழுதப்போவதில்லை. ஒரு மாதம் நான் கெரே பக்கமே போகவில்லை, அது மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் வாசலில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். செய்ய வேண்டிய காரியத்தையெல்லாம் சேர்ந்தே செய்தார்கள். பேச்சு மட்டும் ஐயரிடமும் சமையல்காரரிடமும்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் அவரவர் வீட்டுக்கு அவரவர் போனார்கள். எனக்கு அன்றுதான் பயம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் நடமாட்டமாக இருந்தது நீங்களும் நானும் கெரேயும்தான். நீங்கள் போய்விட்டீர்கள், இனி அந்தப் பாதையும் மூடிவிடும் என்று தோன்றியது. இவர்கள் இரண்டு பேரும் இப்படியே கிழவர்களாகி, ஒருவர் சாவுக்கு ஒருவர் வந்து நிற்பது மட்டும்தான் மிச்சமாகும்.

ஒரு மாதம் கழித்துக் கெரேக்குப் போனேன். பொடிசு இன்னும் நின்றுகொண்டிருந்தது. கோட்டைக்கு வெளியே 'பசி' என்று சிவப்பு அடையாளம் துடித்தது. உங்களை ஆன்ட்டி ஆன்ட்டி என்று சுற்றிவரும் சிவப்பணிக் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதுவரை தீனி போட்டிருக்கிறார்கள். நீல அணிப் பிள்ளைகளும் உங்களுக்காக அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். இப்போது பரீட்சை முடிந்து சிவப்புப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் நீலம். என்னால் அதை அடிக்க முடியும், அதற்குச் சோறு போட முடியாது. அன்றைக்கு என் நிறத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நேராக உங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். பெரிய மாமா தனியாக இருந்தார். உங்கள் போன் சாமி மாடத்துப் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"வாம்மா. நல்ல நேரத்துல வந்த. இந்தப் போனுல டெய்லி ஒரு மெசேஜ் வருது. யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியல." போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "சின்னவனுக்குப் பசிக்குதுன்னு வருது. அவ போனதுல இருந்து டெய்லி வருது. நான் என்னம்மா பண்ணட்டும்?"

திரையில் ஆங்கிலத்தில் அப்படியேதான் இருந்தது. சின்னவன் பசியோடு இருக்கிறான், உடனே வந்து உணவு கொடுங்கள். அதற்குக் கீழே நேற்றைய தேதியில் அதே வரி, அதற்கும் கீழே முந்தின நாள். நீங்கள் முந்தானைக்குள் ஒளித்த பெயரை அப்போதுதான் நான் பார்த்தேன்.

கெரே, கொம்பு முயல், கச்சாயம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கேமராக்காரரை ஏமாற்றியது வரைக்கும் சொன்னேன். கடைசியில் அவர், "எத்தன மணிக்கு அங்க போகணும்?" என்று கேட்டார்.

இவரிடம் நான் அதிகம் சொல்லவில்லை. நாளைக் காலை என்னோடு நடக்க வருகிறீர்கள் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் வந்தார். அரசமரத்தடியில் அண்ணனைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பெரிய மாமா மங்கி குல்லாவோடு, உங்கள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாகர்கல் முன்னால் நின்றார். கிளிப்பச்சை உறைக்குள் அந்தப் போன் அவர் கையில் அசல் உங்கள் போனாகவே இருந்தது. அவர் தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. போனை மட்டும் நீட்டினார்.

"இந்தா. உனக்குத்தான் பசியாம். உங்கண்ணி சொல்லிட்டுப் போயிருக்கா. நீயே போடு."

இவர் திரையைப் பார்த்தார். அதில் குடுமி வைத்த ஒரு சின்ன உருண்டைக் குருவி, அதன் தலைக்கு மேல் அவருடைய பெயர். எங்கே அழுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, நான்தான் விரலை வைத்துக் காட்டினேன். பொடிசு பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டுக் குதித்தது. இவர் அழுதார். கூச்சமேயில்லாமல், நடக்கிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதார். பெரிய மாமா தன் துண்டைக் கொடுத்துவிட்டு, "மூக்க வேற சிந்தித் தொலைக்காத, இன்னைக்குத்தான் தொவச்சது," என்றார்.

அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நிலைப்படியில் நின்றபோது இவர், "உள்ள வாண்ணா," என்றார். வந்து தோசை சாப்பிட்டார். சட்னியில் உப்புக் குறைவு என்று என்னிடம் குறையும் சொன்னார். அந்தக் குறையை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஊருக்குப் புதிதாக வந்த ஒரு நீல அணிக்காரன் விஷயம் தெரியாமல் ஒரே அடியில் பொடிசை விழுத்தாட்டிவிட்டான். 'சின்னவன் வீடு திரும்பினான்' என்று உங்கள் போனில் செய்தி வந்தது. பெரிய மாமா அதை எனக்கு போனில் வாசித்துக் காட்டினார், இரண்டு தடவை. அப்புறம் சிவப்புப் பிள்ளைகள் ஊரிலிருந்து திரும்பி, பெரிய சண்டை போட்டு, கோட்டையைப் பிடித்துக் கொடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் போய்ப் பொடிசைத் திரும்ப நிறுத்தினார்கள். இப்போது யார் தீனி போடுவது என்பதில்தான் தகராறு. நேற்று நீ போட்டாய், இன்று நான் என்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் ஒரு குட்டு வைத்திருப்பீர்கள்.

இவர்கள் போனைக் கை மாற்றி மாற்றி நோண்டுவதில் பாதிச் சுற்றுக்குள் அது அணைந்துபோகிறது. இப்போதுதான் பெரிய மாமா கூப்பிட்டார். "நாளைக்கு அந்த சார்ஜ் டப்பாவ மறக்காம எடுத்துட்டு வாம்மா. நேத்து சின்னவன் பட்டினி."

சாவி இன்னும் கிடைக்கவில்லை. இருக்கட்டும். உங்கள் பவர் பேங்கைப் பொட்டு அழியாமல் துடைத்து சார்ஜில் போட்டிருக்கிறேன். இனி அதை நான்தான் சுமக்கிறேன்.