இறங்குவது ஸ்டான்ஸ்டெட்டில்

நாமகிரிப்பேட்டை,
4.3.2025

அன்பு மகன் நவநீதனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா காலையிலிருந்து மூன்று தடவை என்னைத் திட்டிவிட்டாள், அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிகிறது. நீயும் கோகிலவாணியும் சுகம்தானே?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே. இருபத்தாறு வருஷம் லாரி ஸ்டீரிங் பிடித்த கை, பேனாவையும் வளைத்து வளைத்துத்தான் ஓட்டுகிறது.

விசா வந்துவிட்டது. டிக்கெட் நீயே போடுகிறேன் என்றாய். உனக்கு எதற்குச் சிரமம் என்று நேற்று ராசிபுரம் போய் நானே போட்டுவிட்டேன். டிராவல்ஸ் கடையில் தேவிப்ரியா என்று ஒரு பெண் இருக்கிறது. நல்ல பிள்ளை.

"ஏனுங்க மாமா, லண்டன்ல எந்த ஏர்போர்ட்டுங்க?" என்று கேட்டது.

"லண்டன் ஏர்போர்ட்டுதான் சாமி."

"ஆறு இருக்குதுங்களே!"

"ஒரு ஊருக்கு ஆறா? நம்ம சேலம் ஒன்ன வெச்சுக்கிட்டே ஓட்டுது. அவிங்களுக்கு என்ன அத்தன அவசரம்?"

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியது. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனுக்கு இதில் எது நல்லது என்று எப்படித் தெரியும்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றின் மேல் விரல் வைத்தேன். பெங்களூரிலிருந்து துபாய், துபாயிலிருந்து ஸ்டான்ஸ்டெட். ஏப்ரல் 24, வியாழக்கிழமை மத்தியானம் இறங்குகிறோம்.

நீ ஹீத்ரோ, ஹீத்ரோ என்று நாலைந்து தடவை சொன்னது இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. வயசாகிவிட்டது பார். போகட்டும், எல்லாம் லண்டன்தானே?

கடுதாசி கண்டதும் பதில் போடு.

உன் அப்பா,
ஆ. சென்னிமலை

—

ஹவுன்ஸ்லோ,
6.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். எல்லாம் லண்டன் இல்லை அப்பா. பெயர்தான் லண்டன். ஸ்டான்ஸ்டெட் ஊருக்கு வெளியே வடகிழக்கில் இருக்கிறது. எங்கள் வீடு மேற்கில். போக்குவரத்து சரியாக இருந்தாலே ஒன்றேகால் மணி நேரம். ஹீத்ரோ எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். இறங்கும் விமானத்தைச் சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கலாம். அம்மாவின் மூட்டு வலிக்கு அதுதான் வசதி. அங்கே நம் ஆட்களும் நிறைய வேலை பார்க்கிறார்கள், வழி கேட்கத் தமிழே போதும்.

டிராவல்ஸ் பெண்ணின் நம்பரை அனுப்புங்கள். நானே பேசி மாற்றிவிடுகிறேன். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை.

இன்னொன்று. ஸ்டான்ஸ்டெட் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிய வேண்டியதும் இல்லை.

அம்மாவுக்கு என் அன்பு. கம்பளிச் சட்டை வாங்க வேண்டாம், கோகிலா இங்கே எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள்
நவநீதகிருஷ்ணன்

—

நாமகிரிப்பேட்டை,
9.3.2025

அன்பு நவநீதா,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கம்பளிச் சட்டை வரைக்கும் முகம் மலர்ந்து கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கெழவன் வேசம்? உள்ளதச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன். நான் தெரியாமல் விரல் வைக்கவில்லை. ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து ஹார்லோ இருபது நிமிஷம் என்று எனக்குத் தெரியும். ஹார்லோவில் யார் இருக்கிறாள் என்றும் தெரியும். போன தடவை 'மறந்துவிட்டேன்' என்று எழுதியது பொய். நேராகச் சொல்ல தைரியம் வரவில்லை, அதனால் வயசின் மேல் பழியைப் போட்டேன்.

உன் அம்மா இரண்டு வருஷமாக மாட்டுக் கொட்டகையில் நின்று போன் பேசுகிறாள். கேட்டால், மாட்டை அதட்டினேன் என்பாள். எந்த மாட்டை அதட்டுகிறவள் "பையன் தவழ்றானா கண்ணு?" என்று கேட்பாள்? கொட்டகைக்குப் பின்னால் புல் அறுக்கிற மாதிரி குனிந்தே இருந்து நானும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் தங்கை தனப்பிரியாவுக்குப் பையன் பிறந்து பத்து மாசம் ஆகிறது. நிலவன் என்று பெயர். இது உனக்குப் புதுச் செய்தியாக இருந்தால், ஒரு மணி நேர தூரத்தில் இருந்துகொண்டு உனக்குத் தெரியாமல் போனதற்கு நான் வருத்தப்படுகிறேன்.

லாரிக்காரனுக்கு இந்த ஏர்போர்ட் கணக்கு ஒன்றும் புதிதில்லை. கல்கத்தா, பம்பாய் மாதிரி ஊர்களுக்கு வாசல் ஒன்றா இரண்டா? எந்த வாசலில் நுழைவது என்று டிரைவரும் முடிவு செய்ய மாட்டான், ஓனரும் முடிவு செய்ய மாட்டான். சரக்கு எங்கே இறங்குகிறதோ, அதுதான் முடிவு செய்யும். எங்கள் சரக்கு ஹார்லோவில் இறங்குகிறது.

மாப்பிள்ளை வேறு சாதி ஆளுங்க என்று ஐந்து வருஷமாக ஊர் பேசியது, நீ பேசினாய், எல்லோரையும் விட அதிகமாக நான் பேசினேன். பேசிப் பேசி என் வாய்தான் வற்றிப்போனது. அவர்கள் அங்கே பிள்ளை பெற்று, காலையில் எழுந்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.

டிக்கெட்டை மாற்றாதே. மாற்றினாலும் நான் மறுபடி மாற்றுவேன். அந்த தேவிப்ரியாதான் பாவம்.

உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அப்பா

—

ஹவுன்ஸ்லோ,
15.3.2025

அப்பாவுக்கு,

ஆறு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் மரியாதை தவறிவிடுமோ என்று பயம்.

அவளைச் செத்துப்போனவளாக நினைத்துக்கொள் என்று எனக்குச் சொன்னது யார்? நீங்கள். நான் இல்லை. நம் வீட்டு வாசலில், அங்கமுத்து பெரியப்பா முன்னால், பங்காளிகள் எல்லோரும் நிற்கும்போது சொன்னீர்கள். நான் அதைக் காப்பாற்றினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே ரயிலில் எதிர் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நின்றேன். யாருடைய வார்த்தைக்காக இறங்கினேன்? இப்போது நீங்கள் சிரித்துக்கொண்டே, பேசிப் பேசி வாய் வற்றிப்போனது என்கிறீர்கள். அப்படியானால் நான் எதற்கு இறங்கினேன்?

கோகிலா வீட்டிலும் கேட்பார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

முடிவாகச் சொல்கிறேன். ஹீத்ரோவில் இறங்கினால் நான் வாசலில் நிற்பேன். ஸ்டான்ஸ்டெட்டில் இறங்கினால் அங்கேயே இருந்துவிட்டு அப்படியே திரும்பிவிடுங்கள். என் வீட்டுக்கு வர வேண்டாம்.

பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

நவநீதகிருஷ்ணன்

—

நாமகிரிப்பேட்டை,
20.3.2025

அன்பு நவநீதா,

நீ கேட்டது நியாயமான கேள்வி. யாருடைய வார்த்தைக்காக இறங்கினாய்? என் வார்த்தைக்காக. அந்தப் பிளாட்பாரத்தில் நீ நின்ற அரை மணி நேரம் என் கணக்கில் எழுதிக்கொள். என் வார்த்தை தப்பு. தப்பான ரூட்டைச் சொன்னவன், வண்டி அதில் நூறு மைல் போய்விட்டது என்பதற்காக அது சரியான ரூட் என்று சொல்ல முடியாது.

நீ சொன்னபடி உன் பெரியப்பன் நேற்று வந்தார். செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தார்.

"ஏன்டா சென்னிமல, ஏரோப்பிளேன் ஏறி எங்கடா எறங்கப் போற?"

"எறக்கற எடத்துல எறங்குவேனுங்கண்ணா. நடுவுல குதிக்க எனக்குத் தெரியாதுங்க."

"நக்கலு பண்ணாத. அந்தப் புள்ள ஊட்டு வாசப்படி மிதிச்சீனா, கோயலு வரி உங்கிட்ட வாங்க மாட்டம். பங்காளி மொறையே இல்லன்னு ஆயிப்போகும்."

பொய் சொல்ல மாட்டேன், பயம்தான். வரி வாங்கவில்லை என்றால் கோயில் நோம்பியில் நமக்குப் பொங்கல் வைக்க இடமில்லை, செத்தால் தோள் கொடுக்க வர மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா மோர்ச் சொம்போடு வெளியே வந்தாள்.

"மோரக் குடிங்க மாமா. வரி வாங்காட்டி உடுங்க. பொங்கல நான் எம் பேரன் ஊட்டுல வெச்சுக்கறேன். அங்க அடுப்பு கரிகூடப் புடிக்காதாமுங்க."

பெரியப்பன் மோரைக் குடிக்கவில்லை. போய்விட்டார். நான் குடித்தேன்.

நவநீதா, உன் கல்யாணத்தை நினைத்துப் பார். நம் முறையில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யக் கூடப்பிறந்தவள் வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரே மரத்துக் கிளை என்று ஊர் முன்னால் காட்டுகிற சீர் அது. உன் பக்கத்தில் தனா நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பன் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. "அண்ணன் மணவறைக்கு வந்துட்டானாப்பா?" என்றாள். சுற்றிலும் ஆட்கள். பெற்ற மகளிடம், "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன், 'ங்க' போட்டு. அந்த 'ங்க' ஐந்து வருஷமாக எனக்குள் எலும்பு மாதிரி மாட்டிக்கிடக்கிறது.

ஆகவே நான் ஸ்டான்ஸ்டெட்டில் இறங்குகிறேன். நீ எங்களை வர வேண்டாம் என்று சொல், சொல்லிக்கொண்டே இரு. உன்னை நான் செத்துப்போனவனாக நினைக்க மாட்டேன். அந்த வித்தையை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன், நமக்கு வரவில்லை.

உன்னைப் பெற்றதற்குக் கொஞ்சமும் வருத்தப்படாத
அப்பா

—

ஹார்லோ,
18.5.2025

அன்பு நவநீதா,

உன்னிடமிருந்து இரண்டு மாசமாகப் பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. படித்துவிட்டாய் என்று மட்டும் அந்த இரண்டு நீலக் கோடு சொல்கிறது. அது போதும், எழுதுகிறேன்.

ஏரோப்பிளேனில் உன் அம்மா பெல்ட்டை மாட்டியவள் துபாய் வரை கழற்றவே இல்லை. ஸ்டான்ஸ்டெட்டில் இறங்கினோம். நீ சொன்னது சரிதான், தமிழில் வழி கேட்க ஆள் கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பெங்களூரிலிருந்தே அந்த ஒரு பதிலைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "டாட்டர்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை போல. மறுபடி கேட்டார். இந்தத் தடவை லாரி ஷெட்டில் கூப்பிடுகிற மாதிரி, "டாட்டர்!" என்று கத்திவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஊரில் ஐந்து வருஷமாகச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தரிடம் சொன்னேன். அவர் முத்திரை குத்தி, கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். வரியும் கேட்கவில்லை.

வெளியே தனா நின்றாள். இளைத்திருக்கிறாள். நான் பேச வாயெடுத்தேன். அவள் பையனைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் தோளில் விழுந்தாள். பையன் என் மீசையைப் பிடித்து இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை சரவணக்குமார் அதிகம் பேச மாட்டார். என் காலுக்கு ஷூ வாங்கி வந்து, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அளவு சரியாக இருக்கிறது. மூக்கும் முழியும் பார்த்தால் பையன் உன்னைப் போலத்தான். கோபம் வந்தால் அடுத்த பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

தனாவிடம் உன் ரயில் சங்கதியைச் சொன்னேன். அவள் அன்றைக்கு உன் பின்னாலேயே இறங்க எழுந்தாளாம். கதவு மூடிக்கொண்டதாம். இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே.

இன்னொரு விஷயம். நாங்கள் எந்த ஏர்போர்ட்டில் இறங்குகிறோம் என்று அவ்வளவு சண்டை போட்டாயே, எதில் ஏறுகிறோம் என்று நீ கேட்கவே இல்லை. அன்றைக்கு ராசிபுரத்தில் இரண்டாவது தடவையும் விரல் வைத்தேன். திரும்பும் டிக்கெட் ஹீத்ரோவிலிருந்து. தேவிப்ரியா, "அதெப்படிங்க மாமா, ஒன்னுல எறங்கி இன்னொன்னுல ஏறுவீங்க?" என்று கேட்டது. "எனக்கு அங்க ரெண்டு புள்ளைங்க சாமி" என்றேன்.

வெள்ளிக்கிழமை, 23-ஆம் தேதி, சாயங்காலம் ஏரோப்பிளேன். காலை பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் கார் நிற்கும். ஓட்டிக்கொண்டு வருவது தனா. அவளைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் உள்ளே வருவோம் என்று நினைக்காதே. மாப்பிள்ளையையும் தெருமுனையில் இறக்கிவிட மாட்டேன். பெல்லை நான்தான் அடிப்பேன், ஒரே ஒரு தடவை. திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

திறப்பதாக இருந்தால் கோகிலவாணியிடம் நாலு காபியும், பையனுக்கு ஒரு டம்ளர் பாலும் வைக்கச் சொல். அதில் ஒன்று குறைந்தாலும் எங்களுக்கு வேண்டாம். நாங்கள் எல்லோரும் ஏர்போர்ட்டிலேயே குடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா,
ஆ. சென்னிமலை