வெட்கம் போலத் தெரிந்தது

ஜூன் 12, வியாழன்

காலையில் தூறல், பிறகு வெறும் காற்று. வட்டக்கோட்டையில் வேலை. கல்யாணத்துக்கு முந்தைய காதல் வீடியோ. பெண் ஜெபா, எங்கள் சபைதான். மாப்பிள்ளை வினோத், துபாயிலிருந்து லீவில்.

பழைய கறுப்பு வெள்ளைக் காதல் படம் மாதிரி வேண்டுமாம். அவன் துரத்த வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், அவள் வெட்கப்பட்டு விலக வேண்டும். அந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான், சொல்லித்தரவா வேண்டும்.

அவன் கை பட்டதும் ஜெபாவின் தோள் சுருங்கியது. "கொள்ளாம் மக்ளே, நல்லாருக்கு! இன்னும் கொஞ்சம் விலகு" என்று கத்தினேன். வினோத்தின் அக்கா கைதட்டினாள். "என்ன ஒரு ஜோடிப் பொருத்தம்!"

குடையைக் கோட்டையிலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை. கரண்ட் வந்து வந்து போகிறது. மார்த்தாண்டம் ஸ்டுடியோவில் எடிட்டிங்.

என்னவோ சரியில்லை. பழைய படங்களில் கதாநாயகி எவ்வளவு விலகினாலும் கண் திரும்ப அவனிடமே வரும். அதைப் பார்த்துத்தான் யாருக்கு யாரை ஜோடி போடுவது என்று முடிவு செய்திருப்பார்கள். ஜெபாவின் கண் ஒரு ஷாட்டிலும் அவனிடம் வரவில்லை. கேமரா இருந்த பக்கம்தான். என்னிடம்.

கட் சொன்ன பிறகும் கேமராவும் அவன் சட்டை மைக்கும் ஓடியிருக்கின்றன. சிரித்த முகம். கை அவள் மணிக்கட்டைத் திருகுகிறது. "கல்யாணம் கழியட்டு. பொறவு உனக்க வாய நான் அடைக்கேன்."

மதியச் சோறு அப்படியே இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் விலகு" என்ற என் குரலும் அதே பதிவில்.

ஜூன் 14, சனி

பாட்டுத் தேர்வு செய்ய என்று சாக்குச் சொல்லி ஜெபாவை ஸ்டுடியோவுக்கு வரவைத்தேன். இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சுடிதார். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அழவில்லை.

"அம்மைட்ட சொன்னேன் அக்கா. எல்லாம் வெக்கம், போகப்போகச் சரியாவும்னு சொல்லுதாவ."

"இத போதகர்ட்ட காட்டட்டா?"

"வேண்டாம். நானே சொல்லணும்."

நாளை அவர்களுக்கு மூன்றாம் ஓலை, அதுதான் கடைசி. ஆராதனையில் போதகர் கல்யாண அறிவிப்பை வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் இருமல் வருவது அப்போதுதான்.

"நான் எழும்பினா, எனக்க கூட யாராவது நிப்பாவளா அக்கா?"

பதில் சொல்லுமுன் என் போன். வினோத். "நாளைக்கு ஓலை வாசிக்கியதயும் எடுக்கணும் அக்கா. அவ மூஞ்சிய குளோசப்ல. இப்போ உங்க கூடத்தான இருக்கா?"

அவள் இங்கே வந்ததை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நமக்கெதுக்குட்டி வம்பு" என்கிறார். பயமாக இருக்கிறது. எனக்கே இப்படி என்றால் அவளுக்கு?

ஜூன் 15, ஞாயிறு

வானம் இருட்டிக்கொண்டு. சபைக் கோவிலில் ஃபேன் ஓடவில்லை. வினோத் முதல் பெஞ்சில், புதுச் சட்டை. என்னைப் பார்த்து விரலால் சைகை: எடு.

ஜெபாவின் முகத்தை குளோசப்பில் வைத்தேன். போதகர் வாசித்தார். தடை உண்டா என்றார். இருமல்கள்.

அவள் எழுந்தாள். முகம் போய், மணிக்கட்டு மட்டும் திரையில் நின்றது. நீலம் பாரித்திருந்தது. அவள் அம்மா மகளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பின்னால் வினோத்தின் அக்கா, "அய்யோ, பிள்ளைக்க வெக்கத்தப் பாரு!"

கேமராவை அணைத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் நின்றேன்.