பாலத்துத் தூணும் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கையும்

சங்கரன்கோவில்,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஜெபசுந்தருக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், நீயும் சுகமென்று போனில் சொன்னதை நம்பி எழுதுகிறேன். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்க மனமில்லாமல் நான் திருப்பி வாங்கிக்கொண்டதாக உன் டெபோரா அத்தை சொல்லி வருகிறாள், உனக்கும் சொல்லியிருப்பாள். அது சரியல்ல. பாலத்து விபத்தில் நீ தப்பியதற்காக என் பெயரில் காணிக்கை கொடுத்தது அவள்தான், என்னைக் கேட்கவில்லை. ஆராதனைக்கு முன்பே குருவானவரிடம் போய், இன்றைக்கு இதைச் சபையில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன், அவ்வளவுதான். ஆலய வாசலில் வைத்து அத்தை, 'மதினி, பிள்ள உசுரோட இருக்கான், அதுக்கு நன்றி சொல்லவுமா ஒங்களுக்குக் கௌரவம் பாக்கணும்' என்றாள்.

காரணத்தை உனக்கு மட்டும் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை குருவிகுளத்திலிருந்து மாரித்தாய் வந்தாள். அவள் மகன் இசக்கிப்பாண்டியை வடக்கே அந்தப் பாலத்து வேலைக்குக் கூட்டிப்போனவன் நீ. அவன் இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை. காபி கொடுத்தேன், தொடவில்லை. பலத்த காற்றில் தூண் மேல் ஏறாதே என்று தடுத்தும் அவனாகவே ஏறி விழுந்துவிட்டான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். 'நம்ம கோவில் கோபுரம் ரெண்ட அடுக்குனாலும் எட்டாத உசரம், கீழ ஆறு நூலு மாதிரி கெடக்கும்பான். காத்தடிச்சா சாரு எறங்கச் சொல்லிருவாவ, நீ பயப்படாதம்பான். அன்னைக்கு அவனா ஏறுனானா, ஏறச் சொன்னாவளான்னு மட்டும் சாருகிட்ட கேட்டுச் சொல்லுங்கம்மா' என்றாள். சார் என்றது உன்னை. நீ அனுப்பிய பாலத்தின் படத்தை ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவள் நான், இப்போது அதைத் திறக்கவே மனம் வரவில்லை. இதைப் போனில் கேட்டதற்கு, சிக்னல் சரியில்லை அம்மா, மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, உன் பக்கத்தில் யாரோ இருமியதுகூடக் கேட்டது.

வேறு விசேஷமில்லை. வாசல் பைப்பு மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் மகாராஜன் வந்து பார்ப்பதாகச் சொன்னான். குளிருக்குக் காதை மூடிக்கொள். மேலே போகும்போது பெல்ட்டை நீயே இழுத்துப் பார்த்துவிட்டுப் போ. நீ சொல்லித்தான் அவன் ஏறினான் என்றாலும் நீ என் மகன்தான், ஆனால் அவளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். கர்த்தர் உன்னைத் தாங்குவாராக. காரியம் முடிந்ததும் மாரித்தாய் மறுபடி வருவாள். அதற்குள் நடந்ததை உன் கையால் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, போன் வேண்டாம்.

உன் அம்மா,
ஜெயபாய் சுந்தரராஜ்