ஏழு பேருக்குக் குறைவாக

மார்ச் 3

அண்ணாவுக்கு,

இல்லை, மறதியில் விட்டுப்போகவில்லை. தொழிலாளர் கருத்துக்கணிப்பு அறிக்கையில் பேக்கிங் பிரிவுக்கு நேரே வேண்டுமென்றேதான் எதுவும் எழுதவில்லை. அங்கே இருப்பது நாலே பேர். ஏழு பேருக்குக் குறைவான பிரிவுக்குத் தனிக் கணக்கு தருவதில்லை. தந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். முதல் கூட்டத்தில் இதை நான் விளக்கியபோது, ஆலை மேலாளராக நீயும் தலையாட்டினாய். அதை நம்பித்தான் நாற்பத்தொரு பேர், வெளியிலிருந்து வந்த இந்த உளவியல்காரிக்கு, பெயர் போடாமல், மனதில் இருந்ததை எழுதிக் கொடுத்தார்கள்.

வேலை நேரத்தில் பேக்கிங் பிரிவின் பின்கதவைச் சூப்பர்வைசர் பூட்டிவிடுகிறார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் அதைப் பார்.

அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

உன் தங்கை

மார்ச் 6

என் அருமைப் பிடிவாதத்துக்கு,

அண்ணிக்குத் தேவலை. ஞாயிற்றுக்கிழமை நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மாவுக்குக் குறை.

பூட்டே கிடையாது என்று சூப்பர்வைசர் சாதிக்கிறார். புகார் எழுதினவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார் என்கிறார் முதலாளி. எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஆலையையே மேய்க்கிறீங்க, சொந்தத் தங்கச்சி உங்க பேச்சைக் கேக்காதா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நீ பெயர் சொல்ல வேண்டாம். தாள்களை அனுப்பு, போதும். எத்தனை வருஷ சர்வீஸ் என்று அதில் கேட்டிருக்கிறாயே, மிச்சத்தை நானே கண்டுபிடித்துக்கொள்வேன். உன்னைச் சிபாரிசு செய்தவன் நான். என் மூக்கை அறுத்துவிடாதே.

அண்ணன்

மார்ச் 8

அண்ணா,

சர்வீஸ் வருஷம் கேட்டது என் தப்பு. நாலு பேர் இருக்கும் இடத்தில் அது பெயரைக் கேட்பதேதான். இதற்கென்றே படித்தவள், யோசித்திருக்க வேண்டும். என் தப்பை உன் கையில் ஆயுதமாகத் தரமாட்டேன்.

எழுதியவர் அந்த நால்வரில் ஒருவர்தான் என்று உனக்கு யார் சொன்னது?

நேற்று அந்தப் பக்கம் போனேன். பூட்டு தொங்குகிறது. கையால் இழுத்துப் பார்த்தேன். உன் அறையிலிருந்து அறுபது தப்படி. ஒரு கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க, சொன்னவர் பெயர் எதற்கு?

நீயும் சிரித்து வைத்தாய் என்பதுதான் எனக்கு உறைத்தது.

தங்கச்சி பேச்சைக் கேட்காது என்று முதலாளியிடம் சொல். இந்த ஞாயிறும் வரமாட்டேன். அம்மாவிடம் காரணத்தை நீயே சொல். மறைக்காமல் சொல்.

தங்கை

பி.கு. நாற்பத்தொரு தாள்களையும் இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்கினேன். பிறகு தீயணைப்பு அலுவலகத்துக்குப் போய், பின்கதவைப் பற்றி ஒரு புகார் எழுதி, என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.